லாசிக்ஸ் போட்டபின் கவனிக்க வேண்டியவை: இதயச் செயலிழப்பில் தேங்கிய நீரை இறக்கும் முறை

கால்கள் வீங்கி, மூச்சிரைத்து, படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே கழித்துவிட்டு மருத்துவமனைக்கு வரும் இதயச் செயலிழப்பு நோயாளிக்குச் சிறுநீர்ப்பெருக்கி மருந்து தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பல வார்டுகளில் ஃபுரோசிமைடு (லாசிக்ஸ்) 40 மி.கி. காலை, மாலை என்று கேஸ் ஷீட்டில் எழுதுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. முதல் ஊசிக்கு எவ்வளவு சிறுநீர் வந்தது என்று மறுநாள் ரவுண்ட்ஸ் வரை யாரும் கேட்பதில்லை. அதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் வீணாகப் போய்விடுகின்றன. பயிற்சி மருத்துவர்களையும் டியூட்டி மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதி நோயாளியின் வீட்டாருக்கும் பயன்படும். முதல் டோஸ் எவ்வளவு என்பதில் சற்றுக் கூடக் குறைய இருந்தாலும் சமாளிக்கலாம். அந்த டோஸ் வேலை செய்ததா என்று 2 மணி நேரத்திலும் 6 மணி நேரத்திலும் பார்த்து, செய்யவில்லை என்றால் அப்போதே கூட்டுவதில்தான் சிகிச்சையின் வெற்றி இருக்கிறது.

ஊசி போடும் முன்

வீக்கம் எல்லாம் இதயத்தால் வருவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்குக் கணுக்காலில் வரும் வீக்கம், சிறுநீரில் புரதம் போவதால் முகத்திலிருந்து தொடங்கும் வீக்கம், தைராய்டு குறைபாட்டில் அழுத்தினால் குழி விழாத வீக்கம், நாள் முழுதும் நின்று வேலை செய்பவரின் சிரைக் கோளாறு ஆகிய எதற்கும் இங்கே சொல்லப்போகும் முறை பொருந்தாது. நீர் உண்மையிலேயே தேங்கியிருக்கிறது என்பதற்கு மிக நம்பகமான சாட்சி கழுத்துச் சிரை. நோயாளியை 45 பாகைச் சாய்வில் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல் பாருங்கள். சிரை தெளிவாகத் தெரியாவிட்டால், வயிற்றின் மேல் வலப்பக்கத்தை மெதுவாகப் பத்து, பதினைந்து விநாடிகள் அழுத்திக் கொண்டே பாருங்கள். ஏறிய சிரை அழுத்தம் அப்படியே நின்றால் அதுவும் நீர்த் தேக்கத்தின் அடையாளம். தலையணை எத்தனை வைத்துப் படுக்கிறார், இரவில் மூச்சு முட்டி எழுகிறாரா, செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விகள் எந்தக் கருவியும் இல்லாமலே பாதி விடையைத் தந்துவிடும். வார்டில் அல்ட்ராசவுண்ட் இருந்தால் நுரையீரலில் தெரியும் செங்குத்துக் கோடுகளையும் கீழ்ப்பெருஞ்சிரையின் அகலத்தையும் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நீர் இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். நாள்பட்ட நோயாளிகளில் உள்ளே அழுத்தம் ஏறியிருந்தும் எக்ஸ்ரே ஏறக்குறைய இயல்பாகத் தோன்றுவது உண்டு.

இரண்டு நிலைகளில் சிறுநீர்ப்பெருக்கியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒன்று, இரத்த அழுத்தம் 200-ஐத் தொட்டு, சில மணி நேரத்தில் நுரையீரல் நீரால் நிரம்பி வரும் நிலை. இங்கே உடலில் மொத்த நீர் பெரிதாகக் கூடியிருக்காது. இருக்கும் நீர் நுரையீரலுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஆகவே நைட்ரோகிளிசரின் கொண்டு இரத்த நாளங்களைத் தளர்த்துவதும், முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்று கொடுப்பதும் ஃபுரோசிமைடை விட வேகமாக உயிரைக் காக்கும். மற்றொன்று, இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போய், கை கால் சில்லிட்டு, மனம் குழம்பியிருக்கும் நிலை. சிறுநீரகத்துக்கு இரத்தமே சரியாகப் போகாதபோது எவ்வளவு ஊசி போட்டாலும் சிறுநீர் வராது. முதலில் இரத்த ஓட்டத்தை மீட்க வேண்டும். நம் ஊர்களில் வாதக் காய்ச்சலால் வந்த மைட்ரல் வால்வுச் சுருக்கமும், காசநோயால் இறுகிப்போன இதய உறையும் இன்னும் இருக்கின்றன என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இவர்களுக்கு நீரை இறக்குவது தற்காலிக ஆறுதல்தான். எக்கோ எடுத்து, வால்வுக்கோ உறைக்கோ உரிய சிகிச்சைக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து வேலை செய்யும் விதம்

ஃபுரோசிமைடு, டார்செமைடு, புமெட்டனைடு மூன்றும் சிறுநீரக நுண்குழலில் ஹென்லே வளையத்தின் தடித்த ஏறுபகுதியில் இருக்கும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு கடத்தியை அடைத்துவிடுகின்றன. உடல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பு சிறுநீரில் போகிறது. உப்பின் பின்னால் நீரும் போகிறது. இந்த மருந்து இரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதால் சிறுநீரக வடிகட்டியின் வழியே நுழைய முடியாது. நுண்குழலின் தொடக்கப் பகுதியில் உள்ள செல்கள் அதை எடுத்துக் குழலுக்குள் சுரந்தால்தான் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு, தேங்கியிருக்கும் கழிவு அமிலங்கள் அதே வாசலுக்குப் போட்டியிடுவதால், குழலுக்குள் போய்ச் சேரும் மருந்து குறைந்துவிடுகிறது.

இதிலிருந்து வருவதுதான் நடைமுறையில் மிக முக்கியமான விதி. குழலுக்குள் மருந்து ஒரு குறிப்பிட்ட செறிவை (இதை வாசற்படி என்போம்) தாண்டினால் மட்டுமே வேலை தொடங்கும். தாண்டாவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. ஒரு முறை 40 மி.கி. போட்டுச் சிறுநீர் வரவில்லை என்றால், அதே 40-ஐ மூன்று வேளை, நான்கு வேளை என்று பிரித்துக் கொடுப்பதால் பயன் இல்லை. ஒவ்வொரு வேளையும் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிடும். ஒரே வேளையின் அளவை 80 ஆக்க வேண்டும். வாசற்படியைத் தாண்டிய பிறகு அளவை மேலும் மேலும் ஏற்றுவதால் அந்த வேளையின் பலன் அதிகம் கூடாது. அப்போதுதான் வேளைகளை அதிகமாக்க வேண்டும். சிரை வழி கொடுத்த ஃபுரோசிமைடின் வேகம் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. அதன் பின் சிறுநீரகம் இழந்த உப்பை மீண்டும் பிடித்து வைக்கத் தொடங்குவதால், நாளுக்கு ஒரே ஒரு ஊசி என்பது பெரும்பாலும் போதாது.

மாத்திரையாகக் கொடுத்த ஃபுரோசிமைடில் சராசரியாகப் பாதிதான் இரத்தத்தில் சேர்கிறது. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் அது மிகவும் மாறும். குடல் சுவரே நீர் கோத்து வீங்கியிருக்கும் நோயாளியில் அது உறிஞ்சப்படும் வேகமும் குறைந்துவிடும். “வீட்டில் மாத்திரை ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன், ஆனாலும் வீக்கம் ஏறிவிட்டது” என்று சொல்பவரை உடனே சந்தேகிக்க வேண்டாம். டார்செமைடு 80 விழுக்காட்டுக்கும் மேல் நம்பகமாக உறிஞ்சப்படுகிறது. அதற்காக ஒருவர் மாத்திரையை மாற்றினாலே ஆயுள் கூடிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஏறக்குறைய 2,800 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வில் இரு மருந்துகளுக்கும் இடையே இறப்பில் வேறுபாடு இல்லை.

முதல் டோஸ்

சிறுநீர்ப்பெருக்கி இதுவரை சாப்பிடாதவருக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தால், ஃபுரோசிமைடு 20 முதல் 40 மி.கி. வரை சிரை வழி கொடுத்துத் தொடங்கலாம். ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு, வீட்டில் ஒரு நாளில் எடுக்கும் மொத்த அளவைக் கணக்கிட்டு, அதற்குச் சமமான அளவிலிருந்து இரு மடங்கு வரை முதல் ஊசியாகத் தர வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். கணக்குக்கு, ஃபுரோசிமைடு மாத்திரை 40 மி.கி., டார்செமைடு 20 மி.கி., புமெட்டனைடு 1 மி.கி. ஆகியவற்றைச் சமமாகக் கொள்ளலாம். வீட்டில் டார்செமைடு காலை 20, மதியம் 20 எடுப்பவருக்கு அது ஃபுரோசிமைடு 80 மி.கி. மாத்திரைக்குச் சமம், ஆகவே சிரை வழி 80 மி.கி.யில் தொடங்குவது நியாயம். அவருக்குப் பழக்கத்தால் 20 மி.கி. எழுதுவது, வீட்டில் பலிக்காத மருந்தை இன்னும் குறைத்துக் கொடுப்பதாகவே முடியும். கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறியிருக்கும் நோயாளிக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகப் போகும். மேலே சொன்ன காரணத்தால் அவருக்குத்தான் அதிக அளவு தேவைப்படுகிறது.

பெரிய அளவு கொடுக்கத் தயங்குபவர்களுக்கு 2011-இல் வெளியான ‘டோஸ்’ (DOSE) என்ற ஆய்வு துணை நிற்கும். 308 நோயாளிகளில், வீட்டு அளவுக்குச் சமமான டோஸையும் அதைவிட 2.5 மடங்கு டோஸையும், விட்டுவிட்டுப் போடும் ஊசியையும் தொடர் சொட்டையும் ஒப்பிட்டார்கள். ஆய்வின் முதன்மை அளவுகோல்களில் எந்த முறையும் மற்றதை வெல்லவில்லை. ஆனால் அதிக அளவு பெற்றவர்களுக்கு நீரும் எடையும் கூடுதலாக இறங்கின, மூச்சிரைப்பும் நன்றாகத் தணிந்தது. அவர்களில் பலருக்குக் கிரியாட்டினின் சற்று ஏறினாலும் 60 நாள் முடிவில் அதனால் கெடுதல் தெரியவில்லை. ஆகவே சொட்டா ஊசியா என்று விவாதிப்பதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. சொட்டாகக் கொடுப்பதானால் முதலில் ஒரு முழு ஊசி போட்ட பிறகே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் தேவையான செறிவு வரவே பல மணி நேரம் ஆகும்.

செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய டோஸை நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் போகாமல் மெதுவாகச் செலுத்துங்கள். வேகமாகப் போனால் காதில் இரைச்சலும் செவித்திறன் இழப்பும் வரலாம். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். ஃபுரோசிமைடு காரத்தன்மை உடையது என்பதால் இதயத் துடிப்பை வலுவாக்கும் டோபுட்டமின் போகும் அதே குழாயில் கலந்தால் படிவு உண்டாகும். தனிக் குழாய் வைத்துக்கொள்வதே நல்லது.

இரண்டாவது மணியும் ஆறாவது மணியும்

ஊசி போடும்போது நோயாளியைச் சிறுநீர் கழித்துவிடச் சொல்லுங்கள். 2 மணி நேரம் கழித்து வரும் சிறுநீரில் சிறிது எடுத்துச் சோடியம் பார்க்க அனுப்புங்கள். லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மருந்து வாசற்படியைத் தாண்டவில்லை என்று பொருள். சோடியம் பார்க்கும் வசதி இல்லாத மருத்துவமனையில் அளவுபாட்டிலே போதும். முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி.க்குக் குறைவாக வந்திருந்தால் அதுவும் தோல்விதான். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த வேளை வரை காத்திருக்காமல் அளவை இரட்டிப்பாக்குங்கள். மீண்டும் அதே பரிசோதனை. 80 போதாவிட்டால் 160. அதற்குமேல் ஒரே வேளையில் ஏற்றுவதில் பெரும்பாலும் பலன் குறைவு. நெதர்லாந்தில் 310 பேரை வைத்து நடந்த புஷ் ஆய்வு 2023-இல் வெளியானது. சிறுநீர்ச் சோடியத்தைப் பார்த்து அளவை மாற்றியவர்களுக்கு முதல் 24 மணி நேரத்தில் கூடுதல் உப்பு வெளியேறியது; இறப்பிலோ மீண்டும் சேர்க்கப்படுவதிலோ 180 நாளில் வேறுபாடு தெரியவில்லை. ஆயுளைப் பற்றி அந்த ஆய்வு எதையும் உறுதி சொல்லாவிட்டாலும், மூச்சுத் திணறலோடு இருக்கும் மனிதருக்கு ஒரு நாள் முன்னதாகவே ஆறுதல் கிடைப்பதை நான் சிறிய பயனாக நினைக்கவில்லை.

எல்லோருக்கும் சிறுநீர்க் குழாய் போட வேண்டியதில்லை. எழுந்து நடப்பவருக்கு அளவுகோடு போட்ட பாட்டிலைக் கொடுத்து, உடனிருக்கும் உறவினரிடம் ஒரு தாளில் நேரத்தையும் அளவையும் எழுதச் சொன்னால் பலர் மிகப் பொறுப்பாகச் செய்வார்கள். அதைவிட முக்கியம் எடை. தினமும் காலை, சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே தராசில், அதே அளவு உடையில் பார்க்க வேண்டும். உட்கொண்ட நீர், வெளியேறிய நீர்க் கணக்கில் எப்போதும் ஏதாவது விடுபட்டுப்போகும். எடை அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவைக் கூட்டியும் வரவில்லை என்றால்

சில வாரங்கள், மாதங்கள் ஃபுரோசிமைடு எடுத்தவரின் நுண்குழலில், ஹென்லே வளையத்துக்கு அடுத்த பகுதி தடித்து, முன்னால் தப்பித்து வரும் உப்பைப் பிடித்துக்கொள்ளும். அங்கேயும் அடைக்க இரண்டாவது மருந்து தேவை. நம் ஊரில் மெட்டோலசோன் 2.5 முதல் 5 மி.கி. வரை கொடுப்பது வழக்கம். வலிமையான சேர்க்கை என்பதாலேயே இதில் எச்சரிக்கை வேண்டும். மெட்டோலசோனின் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நீடிப்பதால் சோடியமும் பொட்டாசியமும் திடீரெனச் சரியலாம். தினமும் இரத்தம் பார்க்க முடியாத இடத்தில் இதைத் தொடங்கி வீட்டுக்கு அனுப்புவதை நான் ஏற்பதில்லை. 2023-இல் வெளியான ஸ்பெயினின் குளோரோட்டிக் ஆய்வில் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்த்தவர்களுக்கு எடை கூடுதலாக இறங்கியது, கிரியாட்டினினும் கூடுதலாக ஏறியது. அசிட்டசோலமைடு நுண்குழலின் தொடக்கப் பகுதியில் வேலை செய்வது. பெல்ஜியத்தில் 519 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான அட்வர் ஆய்வில், தினமும் 500 மி.கி. சிரை வழி பெற்றவர்களில் 42.2 விழுக்காட்டினருக்கு மூன்று நாளில் நீர்த்தேக்கம் தீர்ந்தது. பெறாதவர்களில் அது 30.5 விழுக்காடு. அந்த ஆய்வில் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து (சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவது) எடுத்தவர்கள் சேர்க்கப்படவில்லை என்பதை மறக்காமல் பயன்படுத்த வேண்டும்.

புதிய மருந்து சேர்க்கும் முன் பழைய சீட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிய டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உப்பைப் பிடித்து வைத்து, ஃபுரோசிமைடின் வேலையையும் கெடுக்கும். இதை நிறுத்தினாலே சிலருக்குச் சிறுநீர் தாராளமாக வரத் தொடங்கிவிடும்.

கிரியாட்டினின் ஏறினால் நிறுத்தலாமா

சிகிச்சை பாதியில் கைவிடப்படுவதற்கு இதுதான் பெரிய காரணம். “உப்பு (அதாவது கிரியாட்டினின்) ஏறிவிட்டது” என்று லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை நிறுத்துகிறார்கள்; நோயாளி அரைகுறை வீக்கத்தோடு வீடு திரும்பி, சில வாரத்தில் மறுபடி அட்மிட் ஆகிறார். கிரியாட்டினின் என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்கு முன் நோயாளி என்ன ஆனார் என்று பாருங்கள். கழுத்துச் சிரை இறங்கி, மூச்சு சீராகி, எடை குறைந்துகொண்டே வரும்போது கிரியாட்டினின் 1.2-இலிருந்து 1.6 ஆனால், அது பெரும்பாலும் கெட்ட அறிகுறி இல்லை. நீர் இன்னும் இருந்தால் சிகிச்சையைத் தொடர வேண்டும். சிரையில் தேங்கிய அழுத்தமே சிறுநீரகத்தை நசுக்குவதால், நீர் இறங்கியதும் கிரியாட்டினின் தானே குறைபவர்களும் உண்டு. நீர் இறங்காமல் கிரியாட்டினின் மட்டும் ஏறுவதுதான் கவலைக்குரியது. அப்போது இதயத்தின் இரத்த வெளியேற்றம் குறைந்திருக்கிறதா, சிறுநீர்ப்பாதை அடைப்பு உண்டா என்று தேட வேண்டும். எழுந்து நின்றால் தலைசுற்றல், அழுத்தம் சரிவு, கடும் தாகம், தட்டையான கழுத்துச் சிரை, கிரியாட்டினினை விட வேகமாக ஏறும் யூரியா ஆகியவை சேர்ந்து வந்தால் வற்றவைத்துவிட்டோம் என்று அறிந்து நிறுத்துங்கள்.

பொட்டாசியத்தை 4-க்கும் 5-க்கும் இடையில் வைத்திருங்கள். டிகாக்ஸின் எடுப்பவருக்குப் பொட்டாசியம் குறைவது இதயத் துடிப்பையே குலைக்கும். எவ்வளவு கொடுத்தும் பொட்டாசியம் ஏறவில்லை என்றால் மெக்னீசியம் பாருங்கள். அது குறைந்திருக்கும்வரை பொட்டாசியம் நிற்காது. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தைக் காப்பதோடு, இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களின் ஆயுளையும் கூட்டுகிறது. 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: டைட்டர் பிளஸ், லாசிலாக்டோன் போன்ற கூட்டு மாத்திரைகளுக்குள் ஸ்பைரோனோலாக்டோன் இருக்கிறது. வீக்கம் கூடியதென்று அதே கூட்டு மாத்திரையை இரண்டாக்கினால் அதுவும் இரண்டாகும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். சிறுநீர்ப்பெருக்கியைக் கூட்டக் குறைக்க வேண்டியவருக்குத் தனித்தனி மாத்திரையாக எழுதுவதே என் பரிந்துரை.

வீட்டுக்கு அனுப்பும்போதும் அதன் பிறகும்

கழுத்துச் சிரை இறங்கி, கால் வீக்கம் வற்றி, தட்டையாகப் படுத்துத் தூங்க முடிந்த பிறகே மாத்திரைக்கு மாற்றுங்கள். மாத்திரையில் எடை ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். அன்றைய எடையை டிஸ்சார்ஜ் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டாருக்கு இனி அதுதான் அளவுகோல். ஓரிரு வாரத்தில் திரும்ப வரச் சொல்லிக் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். சிறுநீர்ப்பெருக்கி ஆறுதல் தருமே தவிர, ஆயுளைக் கூட்டுபவை வேறு மருந்துகள் என்பதால், அவற்றை எழுதாமல் நீர் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையைச் சேர்த்தால் அவையும் கொஞ்சம் நீரை இறக்கும் என்பதால் ஃபுரோசிமைடு அளவைக் குறைக்க நேரலாம்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை சில. முதல் மாத்திரை காலையில். இரண்டாவது இருந்தால் மாலை 4 மணிக்குள், இல்லாவிட்டால் இரவெல்லாம் எழ வேண்டிவரும், வயதானவர்கள் இருட்டில் விழுவார்கள். பேருந்துப் பயணமோ கல்யாணமோ இருக்கும் நாளில் மாத்திரையை விட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு, பெண்களுக்குக் கழிப்பறை கிடைக்காத சங்கடம் அதற்கு நியாயமான காரணம். அன்று சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடலாம், விட வேண்டாம் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல், மோர் மிளகாய் ஆகியவற்றைத் தவிர்ப்பது சமையலில் உப்பைக் கூர்ந்து அளப்பதைவிட எளிது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அதனால் அதற்கு மாறிப் பயனில்லை. “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் இருப்பதால், ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்று நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறினால், வீக்கமும் மூச்சிரைப்பும் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல், கோடையில் அளவுக்கு மீறிய வியர்வை ஆகியவற்றின்போது உடல் தானாகவே நீரை இழந்துகொண்டிருக்கிறது. அந்த நாட்களில் நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன், இரத்த அழுத்த மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து ஆகியவற்றில் எதை நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். யாரைக் கேட்பது என்பதற்கான எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது மருத்துவமனையின் கடமை.